கழிசல் என்று நான் எழுதிய காபி

எத்தியோப்பியாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது ஆம்பூரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு தெருவுக்கு ஒருவராவது அங்கே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்திருப்பார். காபி வாங்கப் போகிறேன் என்றதும்தான் சிரித்தார்கள். "தோல் நாத்தத்துலயே வளந்தவன், நீ இன்னாத்த மோந்து பாத்து காபி வாங்கப் போற?" என்றார் டீக்கடைக்காரர். கேள்வியில் நியாயம் இருந்தது.

பத்தொன்பது வருடம் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் செலக்‌ஷன் மேஜையில் நின்றவன் நான். ஆட்டுத்தோலை விரித்துப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஒன்றா, இரண்டா, கழிசலா என்று சாக்பீஸால் குறி போடுவது வேலை. சந்தைக்குப் போய்ப் பச்சைத்தோல் வாங்கி வருவதும் சில வருடம் என் பொறுப்பில் இருந்தது. பிறகு ஆர்டர் வற்றி, கம்பெனி படுத்துவிட்டது.

காட்பாடியில் காபிக்கொட்டை வறுத்து விற்கும் ஜெசிந்தா மேடம்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். முன்பு நர்ஸாக இருந்தவர். ரிட்டயர்மென்ட் பணத்தையெல்லாம் வறுக்கிற மிஷினில் போட்டுவிட்டு, காலேஜ் பிள்ளைகள் வந்து குடிப்பார்கள் என்று காத்திருப்பவர். தோலில் முடியளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவன் நாக்கையும் பழக்கிக்கொள்வான் என்று அவருக்கு ஒரு கணக்கு. இரண்டு வருடம் என்னை உட்காரவைத்துப் பழக்கினார். நாக்கும் பழகியது. கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"செல்வம், எனக்கு நிறைய வேணாம். குடிச்சவங்க மறுநாள் திரும்பி வந்து, நேத்து குடுத்ததையே குடுங்கன்னு கேக்கணும். அப்டி ஒண்ணு போதும். அது இல்லன்னா இந்த வருஷத்தோட கடைய மூடிர்றேன்."

அடிஸ் அபாபாவில் என்னைக் கூப்பிட வந்தவர் பாஷா பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆம்பூர்க்காரர், எட்டு வருடமாக அங்கே ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறார். அந்த ஊர் பாஷை சரளமாக வரும். லீவு போட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளராக வருகிறேன் என்று அவராகவே சொல்லியிருந்தார். ஊர் உயரத்தில் இருப்பதால் ஹோட்டல் மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு நாள் அப்டித்தான்பா இருக்கும், பேஜாரு ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்று புதன்கிழமை. அங்கே புதனும் வெள்ளியும் விரதம், முக்கால்வாசி கடைகளில் கறி கிடையாது. ஆம்பூர்க்காரனை வரவேற்க நல்ல நாள் பார்த்தார்கள். இஞ்சேரா என்று ஒன்று வந்தது. தாம்பாளம் அகலத்துக்கு, மெத்தென்று, ஓட்டை ஓட்டையாக, மூன்று நாள் புளித்த மாவில் ஊற்றிய தோசை போல. மேலே பருப்பும் கடலைமாவுக் குழம்பும் கீரையும். எல்லோரும் ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிட வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து, ஒரு கவளம் உருட்டி என் வாயருகே நீட்டினார். நான் பின்வாங்கினேன். "வாங்கிக்க, மரியாதைக்கு ஊட்றாங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்க" என்றார் பாய். வாயைத் திறந்தேன். வேலூரில் முன்பின் தெரியாதவர் வாயில் சோறு ஊட்ட வந்தால் போலீஸைக் கூப்பிடுவோம்.

மறுநாள் வேன் டிரைவர் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் காலையில் ஆற அமர முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டேன். திரும்பி வந்தால் டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அங்கே பொழுது விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுகிறார்கள். நம் எட்டு மணி அவர்களுக்கு இரண்டு. இதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று எட்டு வருடமாக அங்கே இருக்கும் பாய்க்குத் தோன்றவில்லை. "பழகிட்டா மறந்து போய்டுதுபா" என்றார்.

தெற்கே போகும் சாலையில் கழுதைகளுக்குத்தான் முதல் உரிமை. வழியில் ஒரு டயர் பஞ்சர், மாற்று டயரும் பஞ்சர். சாலையோரம் இரண்டு மணிநேரம் நின்றோம். வீட்டுக்கு வீடு வாழைத்தோப்பு. ஒரு மரத்திலும் குலை இல்லை. அது பழம் தருகிற வாழை இல்லையாம், அடித்தண்டைச் சுரண்டி, குழியில் புளிக்கவைத்து ரொட்டி சுடுகிறார்கள். பஞ்சர் ஒட்ட உதவிய கிழவர் ஒரு துண்டு தந்தார். பழைய பேப்பரை நனைத்துத் தின்றதுபோல் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். கிழவர் மகிழ்ந்துபோய் இன்னொரு துண்டு தந்தார். அங்கே வாயால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த காபிக் களம் ஒரு மலைச்சரிவில் இருந்தது. ஏலகிரிமேல் இன்னொரு ஏலகிரியை வைத்தால் வருகிற உயரம். இடுப்பு உயரத்துக்கு மூங்கில் கட்டில்கள் வரிசையாகப் போட்டு, அதன்மேல் காபிப்பழத்தைப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். மூன்று வாரம் இப்படிப் பழத்தோடு காயவேண்டும். ஒரு நாள் புரட்டாவிட்டால் அடியில் இருப்பது புளித்து, மொத்தமும் கெட்டுவிடும்.

களத்து மேனேஜர் தெஸ்ஃபயே கடைசியில் இருந்த இரண்டு கட்டில்களைக் காட்டினார். காய்ந்து முடிந்து, மேலே துணி போர்த்தி இருந்தது. பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பெயர் அல்மாஸ். தெஸ்ஃபயே சொல்லச் சொல்ல, பாய் ஆம்பூர்த் தமிழில் எனக்கு ஊற்றினார்.

"இங்க எல்லாரோட பழத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துதான் விப்பாங்களாம். இந்தம்மா மட்டும், என்னுது தனியாக் காயட்டும்னு மூணு வருஷமா கேட்டுனே இருந்துச்சாம். சரின்னு இந்த ஒரு வருஷம் ரெண்டு கட்டில் குடுத்துக்குறாரு. வெளிநாட்டுலர்ந்து வர்றவங்க நல்லாக்குதுன்னு எழுதிக் குடுத்தா, அடுத்த வருஷம் இவங்களுக்கும் இன்னும் பதினோரு பொம்பளைங்களுக்கும் தனிக் கட்டில். இல்லன்னா பொதுக் குவியல்லயே கொட்டிடுவாங்களாம்."

எழுதிக் கொடுக்கப் போகிறவன் நான்தான். சந்தையில் தோல் விற்க வருகிறவர்களும் கதை சொல்வார்கள். மகள் கல்யாணம், மனைவிக்கு ஆபரேஷன், எல்லாம் சொல்வார்கள். காது கொடுத்தால் வியாபாரம் பண்ண முடியாது. பத்தொன்பது வருடமாகச் சாத்தியே வைத்திருந்த காதோடுதான் அன்றும் நின்றேன். அல்மாஸ் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ருசி பார்த்தோம். ஒரு நீள மேஜையில் ஆறு வகைக் காபி, கிண்ணம் கிண்ணமாக. தூளின்மேல் கொதிநீர் ஊற்றி, நாலு நிமிடம் விட்டு, மேலே கட்டும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர வேண்டும். பிறகு ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சித் துப்ப வேண்டும். நாகரிகம் பார்த்தால் ருசி தெரியாது.

நாலாவது கிண்ணம் அல்மாஸுடையது. ஏட்டை உடைத்ததும் மல்லிகை வந்தது. உறிஞ்சினேன். முதலில் நாகப்பழம், அது நாக்கில் படிந்து கரைவதற்குள் எலுமிச்சைத் தோல், கடைசியில் மறுபடியும் மல்லிகை. துப்ப மனம் வராமல் விழுங்கிவிட்டேன். ஜெசிந்தா மேடம் கேட்டது இதுதான். இரண்டு வருடமாக ஒரு கிண்ணத்திலும் இப்படி நான் பார்த்ததில்லை.

உடனே முகத்தைச் சுளித்தேன்.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோல் சந்தையில் உயர்ந்த ரகத் தோல்கட்டைப் பார்த்தால் வாங்குகிறவன் அதைக் காலால் தள்ளுவான். "கத்தி வெட்டு, உண்ணி கடிச்சது, கழிசல்" என்பான். விற்கிறவனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும், இவனுக்கு இதுதான் வேண்டும் என்று. அவன் பதிலுக்கு, உனக்குக் கண் அவிஞ்சு போச்சா என்று கத்துவான். இரண்டு டீ குடிப்பார்கள். கிளம்பும்போது வாங்குகிறவன், "சரி, அந்தக் கழிசலையும் சேத்துப் போடு" என்பான். விலை கொஞ்சம் கம்மியாகி, கை குலுக்கி, கட்டு வண்டியில் ஏறிவிடும். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, இரண்டு பேருக்கும் தெரிந்த ஆட்டம்தான். நல்ல சரக்கை நல்ல சரக்கு என்று வாய்விட்டுச் சொல்கிறவனை எங்கள் பக்கத்தில் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெஸ்ஃபயே ஒரு தாளை நீட்டினார். நாலாவது வரிக்கு நேரே இங்கிலீஷில் எழுதினேன்: புளித்துவிட்டது, காய வைத்ததில் கவனக்குறைவு. கீழே கையெழுத்துப் போட்டேன். பாஷா பாய் குனிந்து தாளைப் பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்தார். "நம்ம ஊரு கை" என்றார் மெதுவாக. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தெஸ்ஃபயே தாளை வாசலில் நின்ற அல்மாஸுக்குப் படித்துக் காட்டினார். நான் காத்திருந்தேன். இப்போது அவள் கத்துவாள், உன் நாக்கு செத்துப்போச்சா என்பாள், அப்புறம் காபி வரும், பேச்சு தொடங்கும். அவள் கத்தவில்லை. உள்ளே வந்து, நாலாவது கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். பிறகு பாயிடம் ஏதோ கேட்டாள்.

"எந்த நாள்ல கெட்டுச்சுன்னு உங்களால சொல்ல முடியுமான்னு கேக்குறாங்க" என்றார் பாய். அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "ஒரு நாள் சாவுக்குப் போய்ட்டாங்களாம். அன்னிக்கு அவங்க தங்கச்சிதான் புரட்டுச்சாம். அந்த நாளாத்தான் இருக்கும்னு சொல்றாங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆட்டம் பாதியில் இருக்கிறது, இப்போது இறங்கினால் விலை ஏறிவிடும் என்றுதான் தோன்றியது. தெரியாது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினேன். அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.

"ஒரு நாள் ஊறட்டும் பாய். நாளைக்கு வந்து கழிசலையும் சேத்துப் போடுன்னு சொல்லி எடுத்துரலாம்" என்றேன் வேனில்.

"அதான் கரெக்ட்டு" என்றார் பாய்.

மறுநாள் போக முடியவில்லை. அவர்களுக்கு அன்று ஞானஸ்நானப் பெருநாள். சாலை முழுக்க வெள்ளை உடுத்திய ஜனம், சரிகைக் குடைகள், மேளம். முந்தின நாள் குளத்துக்குக் கொண்டுபோன புனிதப் பேழையைத் தலையில் சுமந்துகொண்டு கோயிலுக்குத் திரும்புகிறார்கள். எங்கள் பக்கத்து மாதா கோயில் தேரை நினைத்துக்கொண்டேன், ஆனால் இங்கே சீரியல் லைட்டும் ஸ்பீக்கரும் இல்லை. வேன் நகரவில்லை. இறங்கி நடந்தோம். பாதிரியார் தெளித்த தண்ணீர் என் சட்டையை நனைத்தது. பக்கத்தில் ஒரு பெண் மற்றவளிடம் சொன்னதைப் பாய் மொழிபெயர்த்தார்: "பாவம், குளுர்ல நடுங்குறான், ஆனா பாவமெல்லாம் போய்டும்." இருவரும் சிரித்தோம். வறுத்த பார்லியைக் கொறித்துக்கொண்டு ஜெசிந்தா மேடத்துக்கு, "கிடைச்சிருச்சு மேடம்" என்று மெசேஜ் போட்டேன். "குடிச்சவங்க திரும்பி வருவாங்களா?" என்று பதில் வந்தது. "கண்டிப்பா" என்று அனுப்பினேன். தாமதமும் நல்லதுக்குத்தான், அல்மாஸ் இன்னும் கொஞ்சம் இறங்கி வருவாள் என்று கணக்குப் போட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்கு மறுநாள் காலை களத்துக்குப் போனபோது கடைசி இரண்டு கட்டில்களிலும் ஈரமான புதுப்பழம் பரப்பியிருந்தது. வேறு பெண்கள் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

தெஸ்ஃபயே கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ஆள் உயரத்துக்குக் காபிக் குவியல். "பெருநாளுக்கு முந்தின சாயங்காலமே கலந்துட்டாங்களாம். கட்டில் தேவப்பட்டுச்சாம்" என்றார் பாய். அவர் குரல் இறங்கிவிட்டது. "நீங்க நேர்மையா எழுதுனதுக்கு தேங்க்ஸ்னு சொல்றாரு. இல்லன்னா இந்தப் பொம்பளைங்க பேச்சக் கேட்டு அடுத்த வருஷம் பன்னெண்டு பேருக்குக் கட்டில் குடுத்துட்டு ஏமாந்திருப்பாராம்."

நான் சொன்னேன். நாலாவதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது, நான் எழுதியது பொய், விலைக்காக எழுதினேன் என்று சொன்னேன். பாய் மொழிபெயர்க்கத் தயங்கினார். "எப்டிபா சொல்றது இத?" என்றார். ஒருவழியாகச் சொன்னார். தெஸ்ஃபயே மேஜையிலிருந்து என் தாளை எடுத்து, கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். வேறு தாள் கொடுங்கள், மாற்றி எழுதுகிறேன் என்றேன். இல்லாத காபிக்கு எதற்குத் தாள் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அல்மாஸின் வீடு களத்துக்குப் பின்னால்தான். எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தரையில் பச்சைப்புல்லைப் பரப்பி, கரி அடுப்பில் ஒரு தட்டை வைத்துக் கொட்டையை வறுத்தாள். புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் கையால் விசிறிக் காட்டினாள். அதே மல்லிகை.

"வீட்டுக்குன்னு ரெண்டு கை எடுத்து வெச்சிருந்தாங்களாம். வேற காபி இல்லியாம். கெட்டுப்போனதத்தான் குடுக்குறோம், மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாங்க" என்றார் பாய்.

அங்கே மூன்று முறை காபி ஊற்றுவார்கள், மூன்றாவது குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. முதல் கிண்ணத்தைக் குடித்து முடித்தேன். இரண்டாவதில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கம், தோல் சந்தை, காலால் தள்ளுவது, எல்லாம். பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்லி முடித்தார். அல்மாஸ் கவனமாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்லதக் கெட்டதுன்னு சொல்லுவீங்கன்னா, கெட்டத இன்னான்னு சொல்லுவீங்கன்னு கேக்குறாங்க."

கெட்டதையும் கெட்டது என்றுதான் சொல்வோம். அதை எப்படிச் சொல்வது?

அவளே சிரித்துவிட்டாள். "நீங்க நல்ல மனுசன், எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க, ஆனா கையெழுத்துப் போட்டு எழுதுனதுதான் நெஜம்னு சொல்றாங்க" என்றார் பாய்.

அவள் தங்கை அதுவரை கதவோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்குக் காபி ஊற்றியிருக்கவில்லை. நான் சொன்னதைப் பாய் சொல்லும்போதுதான் அவள் மெதுவாகத் திரும்பினாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அல்மாஸின் கையிலிருந்த கூஜா அப்படியே நின்றது. தங்கை எழுந்து போய்விட்டாள்.

என்ன சொன்னாள் என்று பாயிடம் கேட்டேன். நான் மறுபடி கேட்டபிறகு சொன்னார். "'நான் சரியாத்தான் புரட்டுனேன்னு தலைல அடிச்சுச் சொன்னேனே'ன்னு சொல்லிட்டுப் போவுது."

அல்மாஸ் மூன்றாவது கிண்ணத்தை ஊற்றினாள். இப்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. குடித்துவிட்டு எழுந்தோம். வாசல்வரை வந்து வழியனுப்பவும் செய்தாள்.

பொதுக் குவியலில் எங்களால் முடிந்த அளவு மூட்டைகளை வாங்கினேன். முகம் சுளிக்கவில்லை, பேரமும் பேசவில்லை. தெஸ்ஃபயே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடிஸ் திரும்பினோம். ஊருக்குள் வந்ததும் பாஷா பாய், "நானும்தான சிரிச்சேன்" என்றார்.

காட்பாடியில் ஜெசிந்தா மேடத்திடம் ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தம்மா பேரு இன்னா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மூட்டையைப் பிரித்து வறுக்கப் போய்விட்டார். அந்தப் பெயருக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இதுவரை பதில் இல்லை. தெஸ்ஃபயே, அடுத்த வருடம் யாருக்கும் தனிக் கட்டில் கிடையாது என்று பாய் மூலம் சொல்லி அனுப்பினார்.

காபி மோசமில்லை, சாதாரணக் காபி. ஆனால் குவியலை அவர்கள் சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது. என்றைக்காவது ஒருநாள், ஏதோ ஒரு மூட்டையின் ஒரு ஓரத்திலிருந்து வறுக்கும்போது கடை முழுக்க மல்லிகை அடிக்கிறது.

போன வாரம் அப்படி ஒரு நாள். பாகாயத்திலிருந்து வருகிற நர்ஸிங் மாணவி ஒருத்தி கிளாஸைக் கீழே வைக்காமல் குடித்தாள். மறுநாள் மதியமே திரும்பி வந்து கவுன்ட்டரில் நின்றாள்.

"அண்ணா, நேத்து குடுத்தீங்களே, அதையே குடுங்க."

அது கலந்துவிட்டது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

"எதுலண்ணா கலந்துச்சு? கொஞ்சம் பொறுக்கித் தனியா எடுத்துத் தர முடியாதா?"